மருந்துக்குப் பழகியது உடம்பன்று

"இந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிவிட்டது டாக்டர், வேறு ஏதாவது வீரியமாக எழுதிக் கொடுங்கள்." இவ்வாக்கியத்தைக் கேளாமல் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு நாளும் கழிவதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் உரத்த குரலில் சொல்லப்படும் இது, கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் இன்னொரு நோய்க்காகவும் சொல்லப்படுகிறது. ஊர்வழக்கில் வெட்டை என்றும் மருத்துவ வழக்கில் கொனோரியா என்றும் பெயர்பெற்ற பால்வினைத் தொற்று அது. குடும்பத்தார் அனைவரும் புரட்டும் இச்செய்திமடலில் அந்நோயைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்நோய் எந்நாளும் எட்டிப்பாராத வீட்டுக்கும் இதன் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

முதலில் அந்த வாக்கியத்தைத் திருத்திவிடுவோம். மருந்துக்குப் பழகுவது உடம்பன்று. உடம்புக்குள் புகுந்த கிருமி. 'எதிர்ப்பு' என்னும் ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வழங்குவதால் வந்த குழப்பம் இது. நோயெதிர்ப்பு நம்முடையது, கூடினால் நன்மை. மருந்தெதிர்ப்பு கிருமியினுடையது, கூடினால் தீமை. ஆகவே மருந்தெதிர்ப்புள்ள கிருமி ஒருவருக்குத் தொற்றினால், வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட விழுங்காதவராயினும், அவருக்கும் அம்மருந்து பலிக்காது. கிருமி தன் முந்தைய வாழ்க்கையைச் சுமந்துகொண்டே அடுத்தவரிடம் போகிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்களுக்குத் தொற்றிய சில நாட்களில் சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் காணும். பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. இருந்தாலும் வெள்ளைப்படுதல் என்று எண்ணி விட்டுவிடுவர். அவ்வாறு விட்டது கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறினால், நாட்பட்ட அடிவயிற்று வலி, குழந்தைப்பேறின்மை, கருக்குழாயில் கரு தங்குதல் ஆகியவற்றில் கொண்டுபோய் நிறுத்தும். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றிப் பார்வையையே பறித்துவிடவும் கூடும். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே 8 கோடியே 24 இலட்சம் புதிய தொற்றுகள் நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே இது நாலு பேருக்கு வரும் அரிய நோயன்று.

இத்தனை பரவலான நோய்க்கு இன்று உறுதியாகக் கைகொடுக்கும் மருந்து செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஊசி ஒன்றே என்றால் வியப்பாக இருக்கும். முன்பு பல இருந்தன. 1930களின் பிற்பகுதியில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பத்தாண்டுகள் நிறைவதற்குள் பெரும்பாலும் பயனற்றுப்போயின. அடுத்து வந்த பெனிசிலின் அற்புதம் எனக் கொண்டாடப்பட்டது. தொடக்கத்தில் சில இலட்சம் அலகுகளில் முடிந்த சிகிச்சை ஆண்டுக்காண்டு கூடி, 1970களில் 48 இலட்சம் அலகுகளும் அதன் வீரியத்தை நீட்டிக்க மற்றொரு மாத்திரையும் என்ற நிலைக்கு வந்தது. 1976-இல் பெனிசிலினையே சிதைத்துவிடும் நொதியைச் சுரக்கும் கிருமி பதிவாயிற்று. அதோடு அதன் காலம் முடியத் தொடங்கியது. டெட்ராசைக்ளினும் அவ்வழியே போயிற்று. நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் இன்றும் கிடக்கும் சிப்ரோஃப்ளாக்சசினையும் அதன் இனத்து மருந்துகளையும் இந்நோய்க்குத் தரவேண்டாமென 2007-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. 2012-இல் செஃபிக்சைம் மாத்திரையை முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து விலக்கியது. எஞ்சியது அந்த ஊசி. அதன் அளவையும் கூட்டியாயிற்று: பிரிட்டனில் 2019 முதல் ஒரு கிராம், அமெரிக்காவில் 2020 டிசம்பர் முதல் அரை கிராம். பெனிசிலினின் அளவு படிப்படியாக ஏறிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது நல்ல சகுனமாகத் தோன்றாது.

இக்கிருமிக்கு மட்டும் இத்துணைச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? மற்றக் கிருமிகளும் மாறுகின்றன; ஆனால் இது கடன் வாங்குவதில் கைதேர்ந்தது. இறந்து சிதைந்த கிருமிகளின் டி.என்.ஏ. துண்டுகள் அக்கம்பக்கத்தில் கிடந்தால், அவற்றை இழுத்துத் தன் மரபணுத்தொகுதியில் ஒட்டிக்கொள்ளும். எதையும் கண்டபடி இழுப்பதில்லை. தன் இனத்தின் டி.என்.ஏ.வில் ஆங்காங்கே வரும் பத்தெழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அந்த முத்திரை உள்ள துண்டுகளையே விரும்பி எடுத்துக்கொள்ளும். கொனோரியாக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவினர் பலர், எத்தீங்கும் செய்யாமல், நம் எல்லோருடைய தொண்டையிலும் குடியிருக்கிறார்கள். அவர்களிடமும் அதே முத்திரையோ அதை ஒத்ததோ இருக்கிறது. ஆகவே கொனோரியா தொண்டையில் தொற்றும்போது, பக்கத்து வீட்டில் விதைநெல் வாங்குவதுபோல, அந்த உறவினரிடமிருந்து மருந்தெதிர்ப்பு மரபணுவைப் பெற்றுக்கொள்ள வாய்ப்பு அமைகிறது. இது வெறும் ஊகமன்று. செஃபிக்சைமையும் செஃப்ட்ரியாக்சோனையும் வலுவிழக்கச் செய்யும் பென்-ஏ என்னும் மரபணுவின் எழுத்துகளை வாசித்தபோது, அது முழுவதும் கொனோரியாவினுடையதாக இல்லாமல், தொண்டைவாழ் உறவினங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணிபோல் இருந்தது.

வீட்டின் பங்கு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது இங்கேதான் வருகிறது. சாதாரணச் சளிக்கு, பெரும்பாலும் வைரசால் வரும் தொண்டைக்கட்டுக்கு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூன்று நாள் விழுங்கும் அசித்ரோமைசினும் செஃபிக்சைமும் சளிக்கு எதுவும் செய்வதில்லை. தொண்டையில் குடியிருக்கும் அந்தச் சாதுவான உறவினங்களுக்கோ அது ஒரு பயிற்சிக்களம். தாங்கியவை எஞ்சுகின்றன. அந்தச் சேமிப்பிலிருந்துதான் ஒருநாள் எங்கோ ஒரு கொனோரியாக் கிருமி கடன் வாங்குகிறது. கொனோரியாவின் மருந்தெதிர்ப்பை ஒழுக்கக் கேட்டின் விளைவென்று ஒதுக்கிவைப்பவர்கள், தங்கள் வீட்டு இருமல் மருந்துச்சீட்டுகளையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம்.

இக்கிருமியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 22 இலட்சம் எழுத்துகளால் ஆனது. மனிதனுடையதில் 300 கோடிக்கு மேல். சிறிய நூல்தான், இன்றைய கருவிகளால் ஓரிரு நாட்களுக்குள் முழுவதையும் வாசித்துவிடலாம். வாசிப்பதால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. எந்த மருந்துக்கு எதிரான மாற்றம் எந்த மரபணுவில் இருக்கிறது என்பது ஒன்று. இக்கிருமி வேறு எந்தக் கிருமிகளுக்கு நெருங்கிய சொந்தம் என்பது மற்றொன்று. ஒரு நூலைக் கைப்பட நகலெடுக்கும்போது பிழைகள் விழும். அப்பிழைகளை ஒப்பிட்டு எந்தப் பிரதியிலிருந்து எந்தப் பிரதி பிறந்தது என்று ஓலைச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் கண்டறிவார்கள். கிருமியின் வம்சவழியைக் காண்பதும் அதே முறையில்தான். 58 நாடுகளில் 1960 முதல் 2013 வரை சேகரித்த 419 கிருமிகளின் மரபணுத்தொகுதிகளை இவ்வாறு ஒப்பிட்டு 2019-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. இன்று நாம் காணும் கொனோரியாவின் வம்சங்கள் 16-ஆம் நூற்றாண்டளவில் கிளைத்தவை என்றும், நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்தபின் அவ்வம்சங்களின் போக்கே மாறிவிட்டது என்றும் அது காட்டியது.

பழங்கதையைவிட அண்மைக் கதை கவலைக்குரியது. 2009-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒருவர் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி, செஃப்ட்ரியாக்சோனுக்கு உயர்ந்த அளவில் அடங்காததாக இருந்தது. எச்.041 எனப் பெயரிடப்பட்ட அது உலகைத் திடுக்கிட வைத்தது. ஆயினும் அதற்குமேல் பரவவில்லை. அடுத்த ஆண்டு பிரான்சிலும், அதன்பின் ஸ்பெயினிலும் அதுபோன்ற இன்னொன்று காணப்பட்டு அடங்கியது. மருந்தெதிர்ப்பு மிகுந்த கிருமி வேகமாகப் பெருக முடியாமல் தானே தேய்ந்துவிடும் என்று அப்போது சிலர் ஆறுதலடைந்தனர். அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2015-இல் ஜப்பானில் எஃப்.சி.428 என்னும் வகை கண்டறியப்பட்டது. 2017-இல் டென்மார்க்கிலும் கனடாவிலும், பிறகு வேறு பல நாடுகளிலும் அதன் உறவினங்கள் தென்பட்டன. வெவ்வேறு நாட்டு ஆய்வுக்கூடங்கள் தத்தம் வாசிப்பைப் பொதுவில் வைத்ததனாலேயே இவை ஒரே வம்சம் என்பது தெரியவந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: கிருமி மட்டும் பயணம் செய்யவில்லை, அதன் ஒட்டுப்போட்ட பென்-ஏ மரபணு தனியாகக் கழன்று வேறு வம்சத்துக் கிருமிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆளைத் தேடுவது ஒரு வேலை. அவர் கைமாற்றிய சாவியைத் தேடுவது வேறு வேலை. மரபணு வாசிப்பின்றி இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

2018-இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவருக்கு நேர்ந்ததை எங்கள் வகுப்புகளில் இன்றும் சொல்கிறோம். தென்கிழக்கு ஆசியாவில் தொற்றைப் பெற்றுத் திரும்பியிருந்தார். செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் தொண்டையில் கிருமி நீங்கவில்லை. ஸ்பெக்டினோமைசின் என்னும் வேறொரு ஊசியும் பலிக்கவில்லை. செஃப்ட்ரியாக்சோனுக்கும், மிக உயர்ந்த அளவில் அசித்ரோமைசினுக்கும், ஒருசேர அடங்காத கொனோரியா உலகில் பதிவானது அதுவே முதன்முறை. எர்ட்டாபெனெம் என்னும் மருந்தை நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று நாள் நரம்பின்வழி ஏற்றியபின் குணமானார். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உயிருக்குப் போராடுவோருக்கென நாங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் இனத்தைச் சேர்ந்த மருந்து அது. ஓர் ஊசியோடு வீடு திரும்ப வேண்டியவர் மூன்று நாள் மருத்துவமனைக்கு வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கிருமி பதிவாயிற்று.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் இருந்துவிட இயலாது. உலக சுகாதார நிறுவனத்தின் கொனோரியாக் கண்காணிப்புத் திட்டத்தில் பங்கேற்ற நாடுகளில், 2022-இல் 0.8 விழுக்காடாக இருந்த செஃப்ட்ரியாக்சோன் எதிர்ப்பு 2024-இல் 5 விழுக்காடாக உயர்ந்தது. செஃபிக்சைமுக்கோ 1.7-இலிருந்து 11 விழுக்காடாயிற்று. இந்தியாவின் தேசியத் திட்டம் நெடுங்காலமாக வழங்கிவரும் சாம்பல் நிற மருந்துப் பொட்டலத்தில் இருப்பவை எவை? ஒரு கிராம் அசித்ரோமைசினும் 400 மில்லிகிராம் செஃபிக்சைமும்.

அப்பொட்டலத்தை நாங்கள் இகழவில்லை. ஆய்வுக்கூடம் எட்டாத ஊரில், அறிகுறியை மட்டும் பார்த்து அன்றைக்கே மருந்து கொடுத்து அனுப்பும் முறை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. மறுநாள் வாருங்கள் என்றால் வராத நோய் இது. ஆனால் பரிசோதனையே இல்லாமல் கொடுத்த ஒவ்வொரு பொட்டலமும் வாசிக்காமல் எரித்த ஒரு கடிதம். கிருமி என்ன எழுதியிருந்தது என்பது தெரியாமலே போயிற்று.

வசதியான மருத்துவமனைகளிலோ வேறு விதமாக அதே இழப்பு நேர்கிறது. முன்பெல்லாம் பஞ்சுக்குச்சியில் எடுத்த சீழை, சூடாக்கிய இரத்தம் கலந்த சாக்லேட் நிறத் தட்டில் தடவி, கரியமிலவாயு கூட்டிய பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள். கல்ச்சர் என்று நீங்கள் அறிந்த சோதனை அது. குளிர்ந்தாலும் உலர்ந்தாலும் இக்கிருமி செத்துவிடும். பறித்த பூவைவிட விரைவாக வாடும். அத்தொல்லை இல்லாமல், சிறுநீரைக் கொண்டே சில மணி நேரத்தில் விடை சொல்லும் பி.சி.ஆர். சோதனை வந்ததும் எல்லோரும் அதற்கு மாறினோம். நோய் உண்டா இல்லையா என்பதைச் சொல்வதில் அதற்கு நிகரில்லை. ஆனால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று வழக்கமான பி.சி.ஆர். சொல்லாது. முழு மரபணுத்தொகுதியை நம்பகமாக வாசிப்பதற்கும் பெரும்பாலும் வளர்த்த கிருமியே வேண்டும். ஆக, மரபணுவை வாசிக்கும் கருவிகள் மலிவாகிவரும் இதே காலத்தில், வாசிக்கக் கிருமி கிடைக்காமல் போகிறது. அச்சகம் வந்தபின் கையெழுத்துப் பிரதியைத் தொலைத்த கதை.

மரபணு வாசிப்பு இருக்கையில் தட்டில் வளர்ப்பது பழைய முறைதானே என்று எங்கள் இளைய மருத்துவர்கள் கேட்கிறார்கள். அதை நாங்கள் ஏற்பதில்லை. மரபணு வாசிப்பு, நாம் முன்பே அறிந்த மாற்றங்களைத்தான் இனங்காணும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரான மாற்றம் பெரும்பாலும் ஜைர்-ஏ என்னும் மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நிகழும். அதைப் பார்த்தால் ஏறக்குறையத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கோ, பென்-ஏயைத் தொடாமலே வேறு மரபணுக்களின் வழியே எதிர்ப்பை அடைந்த கிருமிகளும் பதிவாகியுள்ளன. மருந்து தடவிய தட்டில் அக்கிருமி செழித்து வளர்வதைக் கண்டவர் இருந்ததனால்தான் புதிய வழி தெரியவந்தது. ஏட்டில் இல்லாத வழியை ஏடு காட்டாது. ஐரோப்பாவில் 20 நாடுகளிலிருந்து 2013-இல் திரட்டிய 1,054 கிருமிகளை ஆராய்ந்தவர்கள், தட்டுச் சோதனையையும் மரபணு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஆராய்ந்தார்கள். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும்.

எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், எங்களுள் ஒருவர் முதுநிலை மாணவராகப் பணியாற்றியபோது, சீழ் வருகிறதென்று வந்த ஒருவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். கூட்டம் மிகுந்த நாள், மாதிரி எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். 'மறுபடி தொற்றிக்கொண்டிருப்பார்' என்று தீர்மானித்து, ஒரு பார்வையும் பார்த்துவிட்டு, வேறு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் முறை அவர் அடிவயிற்று வலியோடு மனைவியையும் அழைத்து வந்தார். அன்றுதான் இருவருக்கும் மாதிரி எடுத்தார்கள். இருவகை மருந்து உள்ளே போயிருந்ததால் தட்டில் ஒன்றும் வளரவில்லை. கடைசியில் ஊசியில் இருவரும் குணமானார்கள். ஆயினும் 'நான் எங்கும் போகவில்லை சார்' என்று இரண்டாம் முறை அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை என்பது மறக்கக்கூடியதன்று. குணமாகாத நோயாளியைச் சந்தேகிப்பது மருத்துவருக்கு எளிது. மருந்தைச் சந்தேகிக்கத்தான் பயிற்சி வேண்டும்.

ஆகையால் எங்கள் கருத்து இதுதான். சீழோ எரிச்சலோ உள்ள ஒவ்வொருவரிடமும், முதல் மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே, வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். அது இயலாத இடத்தில், சிகிச்சைக்குப் பின்னும் அறிகுறி நீங்காமல் வருபவரிடமாவது கட்டாயம் எடுக்க வேண்டும். வளர்ந்த கிருமியில் ஐயத்துக்குரியவற்றையேனும் மரபணு வாசிப்புக்கு அனுப்ப வேண்டும். தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் பால்வினை நோய் மையம் கொனோரியாவின் மருந்தெதிர்ப்பைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வருகிறது. மாவட்டந்தோறும் மாதிரிகள் வந்து சேராவிட்டால் அத்தகைய மையங்கள் என்ன செய்ய முடியும்?

இதற்கான செலவை யார் ஏற்பது என்பதிலும் எங்களுக்கு உறுதியான கருத்துண்டு. மரபணு வாசிப்பின் முடிவு வருவதற்குள் பெரும்பாலும் நோயாளி குணமடைந்து வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் நேரடிப் பயன் அவருக்கன்று, அடுத்து வருபவருக்கு. எந்த மருந்தைக் கைவிடுவது, எதைக் காப்பது என்று நாடு முடிவு செய்ய அது உதவும். அப்படியிருக்க அக்கட்டணத்தை அவருடைய பில்லில் சேர்ப்பது நியாயமன்று. மருத்துவமனையும் அரசும் ஏற்க வேண்டிய செலவு அது. நோயாளியிடம் நாங்கள் கேட்பது மாதிரியையும் சம்மதத்தையும் மட்டுமே.

சம்மதம் என்றதும் எழும் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. 'என் மரபணுவை எடுத்துவிடுவார்களா?' என்று கேட்கிறார்கள். வாசிக்கப்படுவது கிருமியின் மரபணு, உங்களுடையதன்று. மாதிரியில் கலந்திருக்கும் மனித டி.என்.ஏ.யை விலக்கிவிட்டே கிருமியின் எழுத்துகளைப் பதிவு செய்ய வேண்டும். பெயரோ முகவரியோ அதனுடன் வெளியே போகக் கூடாது. இவ்விரண்டையும் நீங்கள் எங்களிடம் தயங்காமல் கேட்டுத் தெளியலாம், கேட்க வேண்டும்.

இரண்டாவது அச்சம் இதைவிட ஆழமானது. கணவன் மனைவி இருவருக்கும் தொற்று இருந்தால், 'யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்த மரபணுச் சோதனையில் தெரிந்துவிடுமா?' என்று சிலர் நேரிலும், சிலர் மாமியாரையோ அண்ணனையோ விட்டும் கேட்கிறார்கள். தெரியாது. இருவர் கிருமியும் ஒன்றுபோல் இருந்தால், இருவரும் ஒரே பரவல் வலையில் இருக்கிறார்கள் என்பது மட்டுமே பொருள். இவரிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து இவருக்கா, இருவருக்கும் இடையில் மூன்றாமவர் உண்டா என்பதை அது சொல்லாது. அறிகுறியே இல்லாமல் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கக்கூடிய தொற்று இது. முதலில் சீழ் கண்டவர்தான் முதலில் பெற்றவர் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஆய்வுக்கூடம் பஞ்சாயத்து மேடையன்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்ப முனைந்தால், எந்த மருத்துவரும் அதற்குத் துணைபோகக் கூடாது என்பது எங்கள் நிலை. இதில் இருபக்கக் கருத்துக்கு இடமிருப்பதாக நாங்கள் எண்ணவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமலில்லை. ஜைர்-ஏ மரபணுவை மட்டும் விரைந்து பார்க்கும் சோதனையால், மாற்றமில்லாத கிருமியைப் பெற்றவர்களுக்குப் பழைய சிப்ரோவையே கொடுத்து, ஊசியைச் சேமிக்க முடிகிறது. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான கிருமிகள் சிப்ரோவுக்கு அடங்காதவை என்பதால் இங்கே இதன் பயன் குறைவு. சோலிஃப்ளோடாசின், ஜெப்போடிடாசின் என்னும் இரண்டு புதிய வாய்வழி மருந்துகள் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் நற்பயன் காட்டியுள்ளன. இங்கிலாந்தில் 2025 ஆகஸ்டு முதல், மூளைக்காய்ச்சலுக்கான பி-வகைத் தடுப்பூசியையே, தொற்று வாய்ப்பு மிகுந்தவர்களுக்குக் கொனோரியாவைத் தடுக்கவும் போடுகிறார்கள். பாதுகாப்பு ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான். புதிய மருந்துகளையும் மாதிரி எடுக்காமல், பொட்டலம் பொட்டலமாக, கடைவழியே கொடுக்கத் தொடங்கினால் அவையும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குச் சல்ஃபா முதல் சிப்ரோ வரையிலான வரலாறு விடை வைத்திருக்கிறது.

எங்களிடம் வருவோருக்குச் சில குறிப்புகள். வருவதற்கு முன் மருந்துக்கடையில் எதையும் வாங்கி விழுங்காதீர்கள். விழுங்கியிருந்தால் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மாதிரி கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருங்கள். தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் கேட்டால், அது உங்களை எடைபோடும் கேள்வியன்று. தொண்டைத் தொற்று அறிகுறி காட்டாது, மருந்துக்கு எளிதில் அடங்காது, மேலே சொன்ன கடன் வாங்கலும் அங்கேதான் நடக்கிறது. கடந்த 60 நாட்களில் உடலுறவு கொண்டவர்களையும் சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள். வர மறுத்தால் எங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளிப்படாமல் அழைக்க வழியுண்டு. சிகிச்சைக்குப்பின் ஏழு நாள் உடலுறவு வேண்டாம். தொண்டையில் தொற்று இருந்தவர்கள் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் மறுசோதனைக்கு வர வேண்டும். மறுசோதனையில் கிருமி இன்னும் இருப்பதாக வந்தால், 'நான் எங்கும் போகவில்லை' என்று நீங்கள் சொல்வதை நாங்கள் நம்புவோம். அன்றே அக்கிருமியைத் தட்டில் வளர்க்கக் கொடுத்து, வாசிக்கவும் அனுப்புவோம்.